ரேடியேற்றருக்குக் குடுத்த இடம்

சுவிஸில, எம்மன்புரூக்கேயில நான் ஒரு பழைய காருக்குப் பெரிய எஞ்சின் பூட்டி, பறக்கிற ஹொட் ரொட் ஆக்கிறன். தலைமயிர் கொட்டுண்ட ஆம்பிளையளின்ர விளையாட்டுச் சாமான் அது. அந்த எஞ்சினால முன்னுக்கு இடமில்லை. பின் சீற்றைக் கழட்டி, அந்த இடத்தில எஞ்சின் சூட்டை ஆத்திற ரேடியேற்றரைப் பூட்டிப்போட்டு, பெருமையா மகளைக் கூப்பிட்டன்.

எட்டிப் பாத்தாள். "அப்ப நான் எங்க இருக்கிறது, அப்பா?"

யாழ்ப்பாணத்தில ஷெல்லுக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட மழை நாளில அம்மாவும் இதைத்தான் கேட்டவா. காருக்குப் பெற்றோல் இல்லை. ஆரும் அதை ஓட்டிக்கொண்டு போயிடக் கூடாதெண்டு, அப்பா ரேடியேற்றரைக் கழட்டி, அம்மா இருந்து போற சைக்கிள் கரியரில கட்டினார். துருத் தண்ணி மணத்துக்கொண்டு சொட்டிச்சுது.

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"நீ நடப்பாய். இது நடக்குமோ?"

சின்னப் பெடியன் நான், விழுந்து விழுந்து சிரிச்சன். அம்மா வீங்கின காலோட சாவகச்சேரி மட்டும் நடந்தா. அதுக்குப் பிறகு அவ நொண்டாமல் நடந்ததில்லை. திரும்பிப் போனால் கார் இல்லை. மிஞ்சின ரேடியேற்றரை அப்பா சாகுமட்டும் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தார்.

மகள் பாத்துக்கொண்டு நிண்டாள்.

"உனக்கு பஸ் இருக்குத்தானே" எண்டன்.

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். நான் துணியை எடுத்து ரேடியேற்றரைத் துடைக்கத் தொடங்கினன்.