பிஞ்சில்லாத பூ

கல்யாணமான இரண்டாம் வருடம் படப்பையில் ஒரு வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரகடம் பக்கம் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது. லைன் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, வருகிற பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தொட்டியிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போட வேண்டும். எட்டு மணி நேரமும் குறை கண்டுபிடிக்கிற வேலை. அதற்கென்றே பிறந்தவன் நான் என்று என் மனைவி சொல்வாள். கல்யாணப் பந்தியிலேயே ரசத்தில் உப்பு கம்மி என்று சொன்னேனாம். கம்மியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் அவள் உண்டாகியிருந்தாள். மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்தியது. சோறு கொதிக்கிற வாசனை ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற வாசனை சுத்தமாக ஆகாது. வயிற்றில் தங்கிய ஒரே பொருள் வெள்ளரிக்காய். தை மாதம். பேருந்து நிறுத்தத்தில் பிஞ்சு வெள்ளரி விற்கிற பெண்கள் கோடையில்தான் வருவார்கள். கடையில் கிடைத்ததெல்லாம் தோல் சுருங்கி, கடித்தால் பஞ்சு போல இருந்தது.

"கொடியிலருந்து அப்பவே பறிச்ச ஒரு காய். கடிச்சா சத்தம் கேக்கணும். அது போதும்," என்றாள் ஒரு நாள்.

"அவ்வளவுதான? நானே வளத்துத் தாரேன். நான் சம்சாரி வீட்டுப் பிள்ளை," என்றேன்.

எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். அந்த வீட்டுப் பிள்ளை என்பது உண்மை. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் அப்பா பருத்தியும் உளுந்தும் போடுவார். அதில் என் பங்கு, வேப்பமர நிழலில் உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கமெண்டரி கேட்டது. இதை அவளிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

"ஏழாம் மாசம் வளையல் போட்டு எங்கம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரும். அதுக்குள்ள காய்க்குமா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. தின்னு தீக்க முடியாது பாரு."

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் விதை வாங்கி வந்தேன். புதுசாக மனை போட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் காலி பெயிண்ட் வாளிகளுக்குப் பஞ்சமில்லை. நான்கு வாளிகளைக் கழுவி, ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டேன். ஏரி மண்ணும் செம்மண்ணும் மட்கிய சாணியும் கலந்து நிரப்பி மொட்டை மாடிக்குச் சுமந்துகொண்டு ஏறும்போது, கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்கா வழிமறித்தார். அவருக்குத் தன் தளத்தின் மேல் உயிர்.

"இன்னா தம்பி, மாடில மண்ணு கொட்டிக்கினு கீற? ஒழுகினா யாரு பாக்கறது?"

நான் காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அங்கேயே என்னை நிற்க வைத்து ஒரு பாட்டம் திட்டினார்.

"மாசமா கீற பொண்ணு ஆசப்பட்டுக் கேட்டா ஓடிப்போய் வாங்கியாந்து குடுப்பாங்க. நீ வெத போட்டுக்கினு கீற. கேட்டது கெடைக்கலன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழு வரும், தெரியுமா? வாளிக்கு அடில செங்கல்லு வையி, தரைல வைக்காத."

சீழில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்று ராத்திரியே நம்பத் தொடங்கிவிட்டேன்.

விதை முளைத்தது. கொடி நான் நினைத்ததைவிட வேகமாக ஏறியது. கம்பெனியில் அட்டைப்பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டைகளைச் சுருட்டிக் கொண்டு வந்து துணிக்கொடிக் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். பற்றுக்கம்பிகள் பட்டையை நாலு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. காலையும் மாலையும் தண்ணீர். ஒரு மாதம் தாண்டியதும் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள். மாசி வெயிலில் அந்த மாடி அவ்வளவு அழகாக இருந்தது. நான் விவசாயத்தை விட்டு வந்ததே தப்போ என்றுகூட யோசித்தேன்.

அப்புறம்தான் என் கண் தன் வேலையை ஆரம்பித்தது. சில பூக்களுக்குப் பின்னால், காம்போடு ஒட்டி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குட்டி வெள்ளரிப் பிஞ்சு இருந்தது. நிறையப் பூக்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் காம்பு. எங்கள் லைனில் அச்சுக்குள் பிளாஸ்டிக் முழுசாக நிரம்பாமல் பாதியில் நின்றுபோன பாகத்தை ஷார்ட் ஷாட் என்போம். பார்த்த மாத்திரத்தில் சிவப்புத் தொட்டி. இதுவும் அதேதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. காய் இல்லாத பூ எதற்குச் சத்தை உறிஞ்ச வேண்டும்? தினமும் காலையில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறி, பிஞ்சில்லாத பூக்களை ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டேன். மொட்டாக இருந்ததைக்கூட விடவில்லை.

நல்ல பூக்கள் என்று நான் பாஸ் செய்தவை மூன்று நாள் நின்றன. பிறகு பின்னாலிருந்த பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் உதிர்ந்தது. மறுநாள் இன்னொன்று. இப்படி மூன்று வாரம். நான் கிள்ளுவதை இன்னும் கறாராக்கினேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலில் போர் தண்ணீர் உப்பு என்று வீட்டுக்கார அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒரு சொம்பில் மொண்டு என் எதிரிலேயே மடக்மடக்கென்று குடித்துக் காட்டினார். அடுத்த லீவு நாளில் தாம்பரம் போய் விதைக் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், நாங்க விதைதான் விக்கறோம், காய் விக்கல," என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவளுக்கு ஆறாம் மாதம் முடிந்துகொண்டிருந்தது. அவள் ஊரிலிருந்து வளைகாப்புக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு காய், ஒரே ஒரு காய் கொடுத்து அனுப்ப முடியவில்லையே என்று லைனில் நிற்கும்போதுகூட மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் ஓவர்டைம் முடித்து நான் வந்தபோது அவள் மாடியில் இருந்தாள். படி ஏறாதே என்று சொல்லியிருந்தும், மெல்ல ஏறிப் போய்க் கொடியருகே உட்கார்ந்திருந்தாள். கையில் என் டப்பா.

"இந்தப் பூவெல்லாம் எதுக்குப் பிச்சு வச்சிருக்கீக?"

"பின்னாடி பாரு, பிஞ்சே இல்ல. வேஸ்ட்டு."

அவள் டப்பாவைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"இது ஆம்பளைப் பூ. இதுல உள்ள மகரந்தம் அதுல போயி ஒட்டினாத்தான் அது காயாகும். ஒண்ணு விடாம கிள்ளிட்டா அது என்ன செய்யும்? பிளஸ் டூ தாவரவியல்ல ரெண்டு மார்க் கேள்வி இது."

"நான் மெக்கானிக்கல் டிப்ளமோ," என்றேன்.

"அதான் வேலியே பயிரை மேஞ்சிட்டு."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரம் விடியலில் எழுந்து, ஒழுங்காக, முறையாக, என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். டப்பாவை எட்டி உதைத்தேன். அது உருண்டு போய் வீட்டுக்கார அக்கா காயப்போட்டிருந்த மிளகாயில் விழுந்தது. அதைப் பொறுக்கவும் நான்தான் குனிய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் எனக்கு மதியம் ஷிப்ட், காலையில் வீட்டிலிருந்தேன். புது ஆண் பூக்கள் விரிய இரண்டு நாள் பிடித்தது. அந்த உயரத்துக்கு அந்தப் பக்கம் தேனீயும் அவ்வளவாக வராது, அதனால் நாமே செய்துவிடுவோம் என்றாள். பூ விரிந்த காலையில், வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டும். ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் தூள் ஒட்டிய தண்டு நிற்கும். அதைப் பிஞ்சுள்ள பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தடவினேன். மூன்று பூ.

இரண்டு உதிர்ந்தன. ஒன்று நின்றது. நாலாம் நாள் அது விரல் நீளம். காம்பு தடித்தது. கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடுவேன். வளைகாப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அப்போது பார்த்து போர் மோட்டார் எரிந்துபோனது. இரண்டு நாள் மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. பங்குனி வெயிலில் இலைகள் வதங்கித் தொங்கின. தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடத்தில் சுமந்து வந்து குளிப்பதற்கு இருந்ததில் பாதியைக் கொடிக்கு ஊற்றினேன். காய் தப்பியது. அது போதும் என்று நினைத்தேன்.

வளைகாப்பு அன்று அவள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்கார அக்காவும் தெருப் பெண்களும் இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலவை சாதம் சாப்பிட்டுப் போனார்கள். சாயங்காலம் தாம்பரத்தில் ரயில். மூன்று மணிக்கு நான் மாடிக்குப் போனேன். ஒரு சாண் நீளம், கரும்பச்சை, ஒரு வடு கிடையாது. பறித்தபோது கேட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கழுவி, நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் கடித்தாள். சத்தம் கேட்டது. மென்றாள். முகம் லேசாகச் சுருங்கியது.

"கசக்கு," என்றாள்.

நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். எட்டிக்காய் தோற்றது. தண்ணீர் இல்லாத அந்த இரண்டு நாள் செய்த வேலை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"குடு, தூரப் போட்டுட்டு வாரேன்."

அவள் தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, கசந்ததை மாசமா இருக்கவ திங்கலாமா? மாப்ளைதான் சொல்லுதாகள்ல, குடுத்துரு," என்றார் அவள் அம்மா.

"எனக்குன்னு காய்ச்சதும்மா. நான் திம்பேன்."

வளையல் குலுங்கக் குலுங்க, ஒவ்வொரு துண்டாக, அவசரப்படாமல் தின்றாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று இருந்தது. தட்டில் உப்பு மட்டும் மிஞ்சியது. ஆறு மணிக்கு ரயில் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கொடிக்கு என்ன வந்ததோ தெரியாது. ஆண் பூவை நான் தொடவில்லை, மோட்டார் ஓடியது, தண்ணீர் ஒரு வேளை தவறவில்லை. காய்க்க ஆரம்பித்தது. இலைக்குப் பின்னால், பட்டைக்கு நடுவில், வாளிக்கு அடியில் என்று தேடத் தேடக் காய். ஒரு நாள் விட்டால் பருத்துவிடும் என்று தினமும் பறித்தேன். எல்லாம் இளநீர் போல இனித்தது. வீட்டுக்கார அக்கா கூட்டு வைத்து வைத்து அலுத்து, "போதும்பா, வூட்ல யாரும் துன்ன மாட்டேங்கறாங்க," என்றார். மிச்சத்தை லைனில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோனேன். நான் தின்னவில்லை. ஆசையாகப் பறிப்பேன், கழுவுவேன், வாய்க்குக் கொண்டுபோனால் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்கு போன் போடுவேன். கூப்பிட்டு வருவார்கள். அந்த ஞாயிறு, சூப்பர்வைசர் வீட்டுக்குக் கொடுப்பதற்காக ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் என் கையில் தொங்கியது.

பிள்ளை உதைப்பதைச் சொன்னாள். சாப்பிடுவதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"கொடியில அப்புறம் ஏதும் காய்ச்சுதா?"

ஷார்ட் ஷாட் ஒன்றைக்கூடப் பச்சைத் தொட்டியில் போட்டவனில்லை நான்.

"இல்ல," என்றேன். "அந்த ஒண்ணுதான். அதோட காஞ்சு போச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூத்துக்காரர் என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை," என்றாள் அவள். குரலில் அத்தனை நிம்மதி. "மிச்சம் வைக்காமத் தின்னுட்டு வந்தேன்."

"ஆமா," என்றேன்.