பிரிப்புக் கூலி

எண்பதுகளின் பிற்பாதியில் திருப்பரங்குன்றத்துப் பள்ளி ஒன்றில் நான் தற்காலிக அறிவியல் வாத்தியார். வேலையை நிரந்தரமாக்குவது தாளாளர் கையில் இருந்தது. அவர் சொல்லும் ஜோக் முடிவதற்குள்ளேயே சிரித்துவிடுவேன்.

தெற்கே வரப்போகும் அணுமின் நிலையம் பற்றிப் பேச, சென்னையிலிருந்து ஓர் அதிகாரியை அவர் வரவழைத்தார். மைதானத்தில் பந்தல் போட்டோம். பேச்சு முடிந்ததும் மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்பது என்று மூன்று துண்டுச் சீட்டுகளில் நானே எழுதிக் கொடுத்து, அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தேன். அறிவியல் மனப்பான்மையை அந்த லட்சணத்தில்தான் வளர்த்தோம்.

மூன்றும் முடிந்தன. "வேறு கேள்வி உண்டா?" என்று அதிகாரி ஒப்புக்குக் கேட்டுவைத்தார். கம்பத்தில் சாய்ந்து நின்ற பந்தல்காரர் அதை நிஜமென்று நம்பிக் கையைத் தூக்கினார்.

"ஐயா, அந்த நிலையம் எம்புட்டு வருசம் ஓடும்?"

"முப்பது, நாற்பது வருஷம்."

"பொறகு பிரிக்கணும்ல? பிரிப்புக் கூலி ரேட்டுல சேந்ததா, தனியா?"

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் விளையாடவில்லை. பந்தல் போட விலை பேசும்போதே பிரிப்பதற்கும் பேசிவிடுவார். கம்பம் பிடுங்கிய குழியை மூடி, மிதித்துக் காட்டிய பிறகுதான் மீதிப் பணத்துக்குக் கை நீட்டுவார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அதை உங்க சயின்ஸ் சார் விளக்குவார்" என்று என் தலையில் கட்டினார். தாளாளர் என்னையே பார்த்தார்.

அந்த இரும்பையும் காங்கிரீட்டையும் சும்மா உடைத்துப் போட முடியாது, கதிர்வீச்சு அடங்கும்வரை காவல் காக்க வேண்டும், அந்தச் செலவு நம் பேரப்பிள்ளைகள் வரியில்தான் விழும் என்று படித்திருந்தேன். தொண்டைவரை வந்தது.

"அதுக்குள்ள விஞ்ஞானம் ரொம்ப வளந்துரும்ணே" என்றேன். தாளாளர் கைதட்டினார். கூட்டமே தட்டியது.

"அப்ப இன்னும் ரேட்டே பேசலைங்கிறீக" என்றார் பந்தல்காரர். அந்தச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

சாயங்காலம் பந்தலைப் பிரித்துக் குழிகளை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மிதிச்சுப் பாருங்க சார்." மிதித்தேன். கெட்டியாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதமே நிரந்தர உத்தரவு வந்தது. ஓய்வு பெறும்வரை அந்த மைதானத்தைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். ஒரு குழிகூட என் காலை இடறியதில்லை.