தேசிக்காயில் ஓடிய கடிகாரம்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு ஆய்வுகூடம் என்று தனியாக ஒன்று கிடையாது; தோளில் தொங்குகிற பைதான் ஆய்வுகூடம். தொண்ணூறுகளில் மாத்தளையில் பஸ் ஏறி, பலாபத்வலையில் இறங்கி, அங்கிருந்து மலையேறி நடந்த எனக்கு, அந்தப் பையைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பாதி உத்தியோகம். வழியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு அந்தக் காலத்தில் பஸ்ஸில் போய்வந்த வாத்தியார்மாரே, உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

குளிர் எங்கே இருக்கிறது?

சாவடியில் என் பையைத் திறந்து பார்க்கிற சிப்பாய் கலேவெலப் பக்கத்து வயல்காரக் குடும்பத்தவன். ஒருநாள் காலையில் வெப்பமானியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வரிசையில் நின்றார்கள், அவனுக்கு அவசரமில்லை. துவக்கின் இரும்புக்குழாய் விடியற்காலையில் ஐஸ் மாதிரிக் குளிர்கிறது, மரப்பிடி மட்டும் குளிர்வதில்லை, இதற்கு உங்கள் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்றான்.

இரண்டும் ஒரே குளிர்தான் என்றேன். நம்பவில்லை. அவனே வெப்பமானியைக் குழாயில் வைத்துப் பார்த்தான், பிறகு மரத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டியது. இரும்பு கையிலிருக்கும் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாகத்தான் இழுக்கும், அதனால்தான் நமக்கு அப்படித் தெரிகிறது என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்போ குளிர் துவக்கில இல்ல, என் கையிலதான்னு சொல்றீங்களா மாஸ்டர்?"

அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பையை மேலோட்டமாகத் தட்டிவிட்டு விடுவான். எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான் என்று வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு என்னைவிட விபரம் தெரியும். "சிநேகிதமெல்லாம் சரிங்க. பைய மட்டும் கவனமா அடுக்குங்க."

வெளுத்த தேத்தண்ணி

எங்கள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வகுப்பில் பதினொரு பிள்ளைகள். முந்திய வருஷம் விஞ்ஞானத்தில் ஒருவரும் சித்தியடையவில்லை. அதை விசாரிக்கக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். இந்த முறையும் இப்படியானால் வகுப்பை மூடிவிடுவார்கள், படிக்க விரும்புகிறவர்கள் டவுனுக்குப் போகலாம் என்றார். டவுனுக்குப் போக எந்தப் பிள்ளையின் வீட்டில் வழியிருந்தது? வகுப்பை மூடினால் கொழுந்துக் கூடைதான்.

அவருக்குப் பிளேன்டீ வந்தது. என் திறமையைக் காட்டுகிற ஆசையில் அதில் அரைத் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, பிழிந்தேன். கடும் சிவப்பாக இருந்த தேத்தண்ணி கண்ணுக்கு முன்னாலேயே இளமஞ்சளாக வெளுத்தது. புளியைக் கண்டால் தேயிலைச் சாயம் நிறம் மாறும், அமிலத்தைக் கண்டுபிடிக்கத் தேயிலையே போதும், இதை எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றேன். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "தேத்தண்ணி மாறினாப் போதாது மாஸ்டர், ரிசல்ட் மாறணும்."

மூன்று தேசிக்காய்

பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. மின்கலம் பற்றிய பாடம் பிள்ளைகளின் தலையில் ஏறவே இல்லை. பழைய டோர்ச் பெற்றரியின் நாகத் தகட்டை, அதாவது துத்தநாகத்தை, வெட்டினேன். ஒரு துண்டு நாகம், ஒரு துண்டு செப்புக் கம்பி என்று ஒவ்வொரு தேசிக்காயிலும் குத்தி, மூன்றையும் கம்பியால் தொடுத்து, சின்ன டிஜிட்டல் கடிகாரம் ஒன்றில் இணைத்தேன். கடிகாரம் ஓடியது! மின்சாரம் பழத்திலிருந்து வருகிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் கரைந்து சக்தி கொடுப்பது நாகம், பழச்சாறு வெறும் பாதைதான்.

இனி என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். பாடவேளை நாற்பது நிமிஷம்தான், வகுப்பில் வைத்துப் பொருத்தினால் நேரம் போய்விடும் என்று, ஓடுகிற கடிகாரத்தோடு அப்படியே பையில் வைத்து பஸ் ஏறினேன். நாட்டில் குண்டு வெடிக்காத மாதமில்லை. கம்பி, பெற்றரித் தகடு, ஓடுகிற கடிகாரம், தமிழன். அன்றைக்குச் சாவடியில் பையைத் திறந்தவன் புதியவன். அவன் போட்ட சத்தத்தில் பஸ்ஸிலிருந்த தோட்டத்துச் சனமெல்லாம் சிதறி ஓடியது. என்னை முழங்காலில் இருத்தி, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். நான் நாகம், செப்பு, பழச்சாறு என்று தெரிந்த சிங்களத்தில் எல்லாம் பாடம் நடத்தினேன். மேலதிகாரி வந்து, இவனை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கலேவெலச் சிப்பாய் பக்கத்திலேயே நின்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தினமும் எத்தனையோ பேர் வர்றாங்க சேர், எனக்கு யாரையும் தெரியாது."

அதே பக்கம், அதே படம்

அவன்மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். அவன் பயம் எனக்கு விளங்கும், ஆனாலும் கோபம்தான்.

என்னை அடைத்து வைத்த முகாமுக்கு எங்கள் அதிபர் அந்தோணி சேர் தினமும் வந்து வாசலில் நின்றார். கடைசியில் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் விஞ்ஞானப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். இரண்டு மொழிக்கும் ஒரே புத்தகம்தானே! அதே பக்கத்தில் அதே படம்: பழம், நாகம், செப்பு, கம்பி. மேலதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். தன் மகளும் இதைத்தான் படிக்கிறாள் என்றார். பிறகு புத்தகத்தை மூடி அதிபரிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தார். "புத்தகத்தில இருக்கலாம். பையில இருக்கக் கூடாது."

சுட்டெண்

நான் வெளியே வந்தபோது விஞ்ஞானப் பரீட்சை முடிந்து இரண்டு நாள். பதினொரு பேரும் எழுதியிருந்தார்கள். ரிசல்ட் வந்தது. விஞ்ஞானத்தில் ஒருவரும் சித்தியில்லை. சொன்னபடி வகுப்பை மூடினார்கள்.

வகுப்பில் முதலாவதாக வருகிற செல்வராணியைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவ்வளவு கஷ்டமான பேப்பரா பிள்ளை என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அதே படந்தான் சேர் வந்துச்சு. நாகம் எது, செப்பு எதுன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். ஆனா ஒங்கள எதுக்குப் புடிச்சாங்கன்னு பஸ்ஸுல வந்தவங்க சொல்லியிருந்தாங்க. பேப்பர்ல பேருக்குப் பதிலா நம்ம சுட்டெண் இருக்கே, அத வச்சுத் தேடி வந்துட்டா? பாஸாகுற மார்க்கே அதுலதான் இருந்துச்சு, ஆனாலும் கரண்டுன்னு இருந்த ஒரு கேள்வியையும் நாங்க தொடல சேர்."

ஒரு தேசிக்காயிலிருந்து ஒரு வோல்ட் கூட வராது என்று இருபது வருஷம் படிப்பித்தேன், அதைக்கொண்டு ஒரு வகுப்பையே இருட்டாக்கலாம் என்பது மட்டும் எனக்குப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.