பல் மாத்திரையும் மல்கிரேவ் அக்காவும்

எழுபதுகளின் நடுவில் மெல்பர்ன் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைட் இன்னும் கலக்கவில்லை. குழந்தைகளின் பல் சொத்தையாகாமல் இருக்கத் தினமும் ஒரு சிறு மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த குழந்தைநல நிலையத்தில் ஆறு மாதத்துக்கு அதைச் சும்மா தந்தார்கள். பழக்கிவிட்டால் பிறகு தாய்மார் தாங்களே வாங்குவார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

எனக்குப் பல்லைப் பற்றிப் பெரிய கவலை இருந்ததில்லை. இரண்டு வயது மகளோடு வீட்டுக்குள் அடைந்து, வாய் திறந்து தமிழ் பேச ஆளில்லாமல் கிடந்தேன். கணவர் காலையில் ரயிலேறினால் இருட்டத்தான் வருவார். வெளியே போக ஒரு சாட்டு வேண்டியிருந்தது. மாத்திரை தரும் நாளான மாதத்தின் முதல் புதன்கிழமை மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சேலை நின்றது. அதற்கு மேல் ஆண்கள் போடும் கோட்டு, இடுப்பில் ஒரு பையன். திரும்பிப் பார்த்து, "தமிழா நீங்க?" என்றார்.

"ஓம்."

"ஓமா! அப்ப சிலோன்" என்று சிரித்தார். அவர் மதுரைப் பக்கம். மல்கிரேவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மாத்திரைப் போத்தலை ஆட்டிப் பார்த்து, "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இங்க பல்லுக்கே தானம் குடுக்கிறாங்க பாரு" என்றார். தாதி நிமிர்ந்து பார்க்கும்படி சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

மாத்திரை வாங்க ஐந்து நிமிடம் போதும். நாங்கள் வெளியே மரப் பெஞ்சில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஒவ்வொரு முதல் புதனும் அப்படித்தான். அவர் புளிச்சோறு கொண்டுவருவார், நான் பிட்டு. என் தமிழை அவர் கேலி செய்வார், அவருடையதை நான். அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தங்கச்சி. பெயரை நான் கேட்கவில்லை. மூத்தவரிடம் பெயர் கேட்பது எங்களுக்கு மரியாதை இல்லை. அவரும் கணவரை "எங்க வீட்டுக்காரர்" என்பதற்கு மேல் ஓர் எழுத்துச் சொன்னதில்லை.

ஆறாவது புதன் தாதி எல்லோருக்கும் சொன்னார், இனி எதிரே உள்ள பாமசியில் காசுக்குத்தான் வாங்க வேண்டும் என்று.

"அதுக்கென்ன தங்கச்சி, அடுத்த மாசம் மருந்துக்கடையில பாத்துக்கலாம்" என்றபடி அக்கா பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மற்றத் தாய்மாரிலும் அந்தக் கடைக்கு வந்தவர்கள் குறைவு. சும்மா கிடைக்கும் வரைக்கும்தான் அது மருந்து. என் வீட்டிலும் அதே கதைதான். "சும்மா தந்தவை, குடுத்தனீர், சரி. காசு குடுத்து வாங்க எங்கட பல்லுக்கு என்ன குறை?" என்றார் கணவர்.

நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். "பெயர் என்ன?" என்றார் தாதி. அக்கா என்றா சொல்வது? தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் வீட்டுக்காரர்களின் பெயர்கள்தான் இருந்தன. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மரியாதை, மரியாதை என்று ஒரு மனுசியைத் தொலைத்துவிட்டேன்.

மிஞ்சியது அந்தப் பாமசி வாசல் ஒன்றுதான். போத்தல் முடிந்தால்தானே அடுத்தது வாங்கப் போகலாம்? அதனால் ஒரு நாளும் தவறாமல் மகளுக்கு மாத்திரை கொடுத்தேன். ஒவ்வொரு முதல் புதனும் மல்கிரேவ் பஸ் வந்து போகும்வரை நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு புதன் கடைக்காரர் நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு போத்தலைத் திரும்ப உள்ளே வைத்தார். "இனி இது வேண்டாம். தண்ணீரிலேயே கலக்கிறார்கள். குழாயைத் திறந்தால் போதும்."

வெளியே வந்தேன். பஸ் வந்தது. இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள். அங்கேயே அழுதுவிட்டேன்.

"அம்மா, வை ஆர் யூ கிரையிங்?" என்றாள் மகள்.

"பல்லுக் கொதிக்குது பிள்ளை" என்று பல்வலியின் மேல் பழியைப் போட்டேன்.

மகளுக்கு இன்றுவரை ஒரு சொத்தைப் பல் இல்லை. தன் பிள்ளைகள் பல் விளக்கப் பஞ்சிப்பட்டு அடம்பிடிக்கும்போதெல்லாம் என்னைக் காட்டி, அம்மா ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாள். நான் மறுப்பதில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றது மல்கிரேவ் பஸ்ஸை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?