லாரி நெற்றியில் ‘பிஹோல்ட்’

முழு பைபிளையும் இரண்டு மொழிகளில் படித்தவன் என்று நான் தெருவில் சொல்லி வைத்திருந்தது பொய். ஆங்கிலத்தில் நான் ஒழுங்காகப் படித்தது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைத்தான். ஆனாலும் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, விபூதி பூசிக்கொண்டு, பைபிளிலும் கருத்துச் சொல்கிறவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர், கத்தோலிக்கர். முதன்முதலாகச் சொந்த லாரி எடுத்து, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டக் கொடுத்திருந்தார். நெற்றியில் பெயர் எழுதுவதுதான் பாக்கி.

“மாதா துணைன்னு எல்லாரும் எழுதறாங்க. பைபிள்ல இருந்து இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை, கெத்தா சொல்லுங்கண்ணா.”

“பிஹோல்ட்” என்றேன். “தமிழ்ல ‘இதோ’ன்னு வருமே, அதுதான். வானதூதர் இடையர்கள்கிட்ட நற்செய்தி சொல்றப்ப வர்ற வார்த்தை.”

மஞ்சளில் சிவப்பு நிழல் கொடுத்து எழுதினார்கள்.

ஜவ்வரிசி மூட்டைகளோடு புனே பக்கம் கிளம்பினார். மூன்றாம் நாள் காலை, அவர் போகிற மலைப்பாதையில் பெருமழை, மண்சரிவு என்று டிவியில் ஓடியது. அவருடைய போன் அணைந்திருந்தது. அவர் மனைவி வந்து கேட்டார்.

“அண்ணா, அது நல்ல வார்த்தைதானுங்களே?”

“நல்ல வார்த்தைதாம்மா.”

சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பைபிளைத் திறந்தேன். அந்த வார்த்தையில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கண்ணைத் திறந்து பார், வருகிறது என்கிறது, அவ்வளவுதான். நோவாவிடம் ‘இதோ’ என்று சொன்ன பின் வந்தது வெள்ளம். பார்வோனுக்கு ஒரு ‘இதோ’வில் கல்மழை, இன்னொன்றில் வெட்டுக்கிளி. எரேமியாவைப் புரட்டப் புரட்ட அழிவுதான். இடையர்களைப் பார்க்கப் புதிய ஏற்பாடு வரை போகவேண்டியிருந்தது. ஒரு மனிதரை, நெற்றியில் அதை எழுதி, நானே மழைக்குள் அனுப்பியிருக்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு கையில் ஜெபமாலையும் மறுகையில் போனுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நம்மூர் வானமும் இருட்டிக்கொண்டு வந்தது. 

நாலு மணிக்கு அந்த அம்மாவின் போன் அடித்தது. ஓடினேன். ஸ்பீக்கரில் கணவரின் குரல்தான்.

“சார்ஜ் போயிருச்சு புள்ள. எனக்கு நாலு வண்டி முன்னால மண்ணு இறங்கிருச்சு. நான் நல்லாருக்கேன்.”

ஊர் திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெயரை அழித்துவிடச் சொன்னேன். அவர் டீயை ஆற்றியபடி என்னைப் பார்த்தார்.

“பின்னாடி ‘இடைவெளி விட்டு வரவும்’னு தமிழ்ல எழுதியிருக்கு. அதையே ஒருத்தனும் படிக்கறதில்லீங்கண்ணா. முன்னாடி இங்கிலீஷை எவன் படிக்கறான்?”