பூசைக்கு முன் ஒரு லோட்டா நீராகாரம்

புளித்த நீராகாரத்தின் வாசனைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. முதல்நாள் தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றுப் பானையைத் திறந்து, உப்புக்கல் போட்டுக் கலக்கி, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, பசியோடு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லோட்டா நிறைய மடமடவென்று குடித்துவிட்டுத்தான் அம்மா பூசைக்குக் கிளம்புவாள். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்துக்கு எங்கள் பக்கத்தில் ‘நன்மை’ என்று பெயர். நன்மை வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். நானும் தம்பியும் காதடைக்க ஏரிக்கரை மேலே மூன்று மைல் நடப்போம். அம்மா வயிறு நிறைந்து எங்களுக்கு முன்னால் நடப்பாள்.

அம்மா பெயர் ஞானம்மா. வடக்குப்பட்டுப் பக்கத்தில் பத்துப் பதினைந்து ‘வேதக்கார’, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த ஒரு தெரு எங்களுடையது. அப்பா படப்பை அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். விடிவதற்குள் சைக்கிளில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆகவே மோட்சம், நரகம், சம்மனசு, சாத்தான் எல்லாவற்றையும் எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தது அம்மாதான். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. காதில் விழுந்ததையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். விளக்கு வைத்ததும் நானும் தம்பி தாசும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் முட்டிபோட வேண்டும். செபமாலை பாதியில் தாசு தூங்கி விழுவான். அம்மா கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி, அவன் தொடையைக் குறி தப்பாமல் கிள்ளுவாள். “ஒரு வேள சோறு இல்லன்னா வயிறுதான் காயும், ஒரு வேள செபம் இல்லன்னா வூடே காஞ்சிடும்” என்பாள். மிச்ச மணிகளைத் தாசு அழுதுகொண்டே சொல்லி முடிப்பான்.

எந்த வேதக்காரத் தாயும் செய்யாத ஒன்றையும் அவள் செய்தாள். சுரைக்காயை வைத்து எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பழக்கினாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பின்னால், தாசுக்கு முன்னால், ஒரு பெண் குழந்தை பிறந்து ஒரு நாழிகை இருந்துவிட்டுப் போய்விட்டது. கோவில் மூன்று மைல்தான் என்றாலும் சாமியார் தங்கியிருந்த ஊர் ஏழெட்டு மைல். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன் பேரால் என்கிற அந்த ஒரு வரியைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது அன்றைக்கு வீட்டில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மோட்சத்திலும் கிடையாது. நரகமும் இல்லையாம், கடவுள் முகத்தை ஒருநாளும் பார்க்க முடியாத ஒரு நடு இடமாம். தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில் பேர் வைக்காமல் புதைத்தார்கள். மழை பெய்கிற நாட்களில் அம்மா கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, “எம் பொண்ணு வெளிய நனையுது” என்பாள்.

எனக்கு ஒன்பது வயது, தாசுக்கு ஆறு நடக்கும்போது அம்மா மறுபடி உண்டானாள். அப்போதுதான் சுரைக்காய்ப் பாடம் ஆரம்பமானது. சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்தும் உபதேசியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, பந்தலில் காய்த்த சுரைக்காயைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். “செம்ப சாய்ச்சுப் புடி. தண்ணி மண்டத் தோல்ல பட்டு ஓடணும், முடியில நின்னுடக் கூடாது” என்பாள். சுரைக்காய்க்கு ஏதம்மா முடி என்று தாசு கேட்டு ஒரு குட்டு வாங்கினான். எனக்குக் கை நிதானம், ஆனால் பயந்தால் வாய் கட்டிக்கொள்ளும். அவனுக்கு வாய் வெண்கலம், செம்பைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் அம்மா மடியில். அதனால் நாங்கள் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஊற்றினேன், அவன் சொன்னான். அம்மா பார்த்துவிட்டு இரண்டு பேர் தலையிலும் நறுக்கென்று வைத்தாள். “ஊத்துற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும். நீ ஊத்தி அவன் சொன்னா, அது சுரக்காயக் கழுவுன மாதிரிதான்.” அன்றைக்கு மத்தியானம், அதன்பின் ஒரே ஆள் கையால் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றிருந்த அந்தச் சுரைக்காயையே கூட்டு வைத்துப் போட்டாள்.

எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஒரு மத்தியானம். அப்பா மில்லிலிருந்து ஓடிவந்து, உபதேசியாரைக் கூட்டிவரச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மருத்துவம் பார்க்க வந்த முனியம்மா, குழந்தையைத் துணியில் ஏந்தி, “ஆம்பளப் புள்ளதான், ஆனா நீலம் பூத்துகினு கீதே” என்றபடி என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்க்கத் திரும்பினாள். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. “ரோசி... செம்பு” என்றாள், அவ்வளவுதான், கண் செருகிவிட்டது.

குழந்தையைப் பாய் ஓரத்தில் கிடத்திச் செம்பை எடுத்தேன். கை நடுங்கவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சின்ன மண்டையில் தண்ணீர் பட்டு ஓடியது. ஆனால் வாய் திறக்கவில்லை. நூறு தடவை சுரைக்காய்க்குச் சொன்ன வரி தொண்டையில் அப்படியே நின்றுவிட்டது. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த தாசு கணீரென்று அதைச் சொன்னான். தண்ணீர் பட்டதும் குழந்தை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. சுரைக்காயைக் கழுவினோம் என்று எனக்கு உடனே உறைத்தது. திரும்ப நானே சொல்லி நானே ஊற்றிவிடலாம் என்று குடத்தில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு திரும்பினேன். “புள்ள போய்ட்டாம்மா” என்றாள் முனியம்மா.

உபதேசியார் வந்து நின்று முதலில் கேட்ட கேள்வி அதுதான். “யார் ஊத்துனது? யார் சொன்னது?” சுவருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவு என் கண்முன் வந்தது. மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. “நான்தான் ஊத்துனேன், நான்தான் சொன்னேன்” என்றேன். தாசு என்னை நிமிர்ந்து பார்த்தான். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். “மகராசி, ஒன் தம்பிய மோட்சத்துக்கு அனுப்பிட்ட” என்று உபதேசியார் என் தலையில் கை வைத்தார். சூசை என்று பேர் எழுதி, கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே, சாலையோரச் சுவரை ஒட்டிப் புதைத்தார்கள்.

அம்மா எழுந்து நடமாட ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அந்த லோட்டாவை நான் முதன்முதலில் பார்த்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, பசி தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் குடித்தாள். பெரிய வியாழனன்றும், ஈஸ்டர் பாஸ்குப் பூசைக்கும், சுற்றுப்பட்டுக் கிராமமே நன்மை வாங்க வரிசையில் நின்ற திருநாட்களிலும் குடித்தாள். வீட்டில் செபம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. எங்களை முட்டிபோட வைத்தாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள், வரிசையில் எங்களை முன்னால் தள்ளிவிட்டுத் தான் மட்டும் பாயிலேயே உட்கார்ந்துகொள்வாள். “இன்னா ஞானம்மா, நன்ம வாங்கலியா?” என்று யாராவது கேட்டால், “வாய நனச்சிட்டேங்க்கா, பசி தாங்கல” என்பாள். “சோத்துக்கு அலையறா பாரு” என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நான் முதன்முதலாக நன்மை வாங்கிப் புதுநன்மை கொண்டாடிய வருஷம், எனக்கிருந்த பக்தியில், “ஒரு வேளை கட்டுப்படுத்த முடியாத வயிறா உனக்கு?” என்று அம்மாவிடமே கேட்டேன். “ஆமாண்டி, பாழும் வயிறு” என்றாள். உபதேசியாரிடம் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் நான் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சூசையைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன்.

பின்னாளில் சட்டம் தளர்ந்து, பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால்வரை சாப்பிடலாம் என்று ஆனது. வீட்டில் குடித்துவிட்டு மூன்று மைல் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும் அல்லவா? அம்மா முந்தானையில் ஒரு பிடி பொரி முடிந்துகொண்டு வர ஆரம்பித்தாள். கோவில் மணி அடிக்கும்போது அதை வாயில் போட்டுக்கொள்வாள்.

எனக்குக் கல்யாணமாகி, என் மூத்த மகள் புதுநன்மை வாங்கிய வருஷம். முதல்நாள் மாலை அம்மா என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பேத்தியோடு சேர்ந்து நாளைக்காவது வாங்கம்மா, என் மாமியார் வீட்டார் எல்லாரும் வருகிறார்கள் என்று நான் நச்சரித்தேன். அம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் மயக்கமா இருந்தேன்னு நெனச்சிகினியா? தாசு கொரல் கேட்டுதுடி எனக்கு.”

நான் அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ சொல்றியா சொல்றியான்னு காத தீட்டி வெச்சிகினு கெடந்தேன். அவன்தான் சொன்னான். உபதேசியார் கேட்டப்போ நீ சொன்னதையும் கேட்டேன். கண்ணத் தெறந்து இல்லன்னு சொல்லியிருக்கணும். ஒண்ணு வெளிய நனையுது, இதுவும் போவணுமான்னு வாய மூடிக்கினேன். நீ சின்னப் புள்ள. அந்தப் பொய்ய நான் எடுத்துக்கினேன், அது என்னுது.”

“அப்ப சாமியார்கிட்ட சொல்லிட்டு வாங்கிக்கலாமேம்மா, இத்தனை வருஷமா...”

“வருத்தப்பட்டுச் சொன்னாதானே மன்னிப்பு? எனக்கு வருத்தமே வரலியே ரோசி. நாளைக்கு மறுபடி அப்படி ஆனாலும் வாய மூடிக்கினுதான் கெடப்பேன். அத வெச்சிகினு எப்படி நாக்க நீட்டறது?” சுரைக்காயை மறுபடி எடுத்தாள். “ரெண்டும் அந்த நடு எடத்துல கீதுங்க. நான் அங்கயாவது போலாம்னா, அது பாவம் பண்ணாததுங்க எடம். என்ன அங்கயும் சேத்துக்க மாட்டாங்க.”

அவள் கற்றுக்கொடுத்த வேதம்தான் எனக்கும் தெரியும். அதில் அவளுக்கு ஒரு வழியும் இல்லை. அழுதேன், அவ்வளவுதான். அம்மா அழவில்லை. மறுநாள் என் மகள் வெள்ளை உடுப்பில் வரிசையில் நின்றபோது, அம்மா பின்னால் உட்கார்ந்து பொரி தின்றாள்.

மூன்று வருஷம் கழித்து அவள் படுத்த படுக்கையானாள். பேச்சு போய்விட்டது. கடைசி நன்மையும் எண்ணெயும் தந்து அவஸ்தை கொடுக்கச் சாமியார் வந்து, செருப்பைக் கழற்றுகிற சத்தம் வாசலில் கேட்டதும், அம்மா என்னைப் பார்த்து லோட்டாவைக் கை காட்டினாள். நான்தான் அவள் வாயில் ஊற்றினேன். சாகக்கிடப்பவர்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லை, பரவாயில்லை என்றார் சாமியார். அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் எண்ணெய் மட்டும் பூசிவிட்டுப் போனார்.

இப்போது அந்தச் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. சாலையை அகலப்படுத்தியபோது ஏரிக்கரைச் சரிவு போயிற்று, கல்லறைத் தோட்டத்துச் சுவர் போயிற்று, சுவரை ஒட்டியிருந்த முதல் வரிசையும் போயிற்று. வெளியே கிடந்தவளும் உள்ளே கிடந்தவனும் ஒரே தாருக்கு அடியில் இருக்கிறார்கள். தாசு கோவில் பக்கம் வந்தே பல வருஷமாகிறது. போன மாதம், புதிதாக வந்த இளம் சாமியாரிடம் அந்த நடு இடத்தைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லம்மா. பச்சக் குழந்தைங்களக் கடவுள் கைவிடுவாரா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாவம், நல்ல பையன். இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியுமென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்கிறவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், பழக்கம் விடவில்லை. மணி அடிக்கும்போது கைப்பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன்.