பலூன் வேண்டாம் என்ற சர்வஞானி

எங்கள் வானிலை நிலையத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்வஞானி. இருபது வருடமாக வானத்தை அளக்கிறவர், ஒருநாளாவது ஜன்னலைத் திறந்து பார்த்ததில்லை. ஏசி வீணாகிவிடுமாம். "இன்னைக்கு மழை வராது" என்று அவர் வீட்டில் சொன்னால், அவர் மனைவி ஓடிப்போய்க் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவார். அத்தனை நம்பிக்கை!

மேலே போகப் போகக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எந்த உயரத்தில் ஈரம் சட்டென்று மாறுகிறது என்பதை ராடார் காட்டிவிடும். கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்வது, தினமும் காலையில் கருவி கட்டிப் பறக்கவிடும் பலூன். பறக்கவிடுபவர் என் அண்ணன்.

"ராடாரே போதும், பலூனும் வேண்டாம், பலூன்காரனும் வேண்டாம்" என்று சர்வஞானி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். நேரில் பார்க்க ஒரு குழு வருவதாகப் பதில் வந்தது. அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது, வேறு வேலை தெரியாது. அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

குழு வந்த காலையில் அண்ணன் பலூனில் வாயு நிரப்பித் தயாராக வைத்திருந்தார்.

"அதைக் கட்டிப் போடு. இன்னைக்கு நீ வேடிக்கை மட்டும் பாரு" என்றார் சர்வஞானி.

"சார், இன்னைக்கு விடலைன்னா கம்ப்யூட்டர் நேத்து பலூன் ஃபைலை எடுத்துக்கும். நேத்து மழை சார்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கணினி முன் உட்கார்ந்திருந்த நானும் அதையே சொன்னேன். "நீ பட்டனை மட்டும் தட்டும்மா" என்றார். தட்டினேன்.

"பாத்தீங்களா! ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஈரம் கூடுது. மதியத்துக்குள்ள கொட்டித் தீர்க்கும்" என்று குழுவிடம் அளந்து விட்டார்.

குழுத் தலைவி திரையைக் குனிந்து பார்த்தார். "ராடார் மட்டும்தான்னு சொன்னீங்க. இதுல நேத்து தேதி போட்ட பலூன் ஃபைல் ஓடுதே?"

சர்வஞானி பேயறைந்தவர் போல என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அண்ணன், "பலூன் தயாரா இருக்கு மேடம், விடவா?" என்றார்.

பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் காற்று வறண்டு கிடந்தது. மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணனின் வேலை தப்பியது.

அடுத்த மாத அறிக்கையில் சர்வஞானி எழுதினார்: "பலூனின் அவசியத்தை நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன்." அண்ணனின் பெயர் எங்குமே இல்லை. அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "போகட்டும்மா, காலையில வேலை இருக்குல்ல, அது போதும்."

எனக்கு ஆறவில்லை. தூ!